நன்னடத்தையும் கைத்தொழிலும்: புழலுக்கும் ஒரகடத்துக்கும் இடையில் சில குறிப்புகள்

தமிழ்நாட்டுச் சிறைத்துறை இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து பெட்ரோல் பங்குகள் நடத்தி வருகிறது. அவற்றின் பெயர் 'ஃப்ரீடம்'. 2023 ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகளே வேலை செய்கிற பங்கு ஒன்றும் திறக்கப்பட்டது. கேரளத்தில் கைதிகள் சுட்டு விற்கிற சப்பாத்திக்கும் இதே பெயர்தான். இல்லாத பொருளின் பெயரையே முத்திரையாகக் குத்தி விற்பது சந்தையின் பழைய வித்தை. குறியியல் கொஞ்சம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இதைக் கட்டுடைத்துப் போட இரண்டு பத்தி போதும். எனக்கு அந்தப் பெயரில் அவ்வளவு அக்கறை இல்லை. பங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பைக்கில் வருகிறவர்கள் அந்த ஆளிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். இவன் என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று யாரும் கேட்பதில்லை. 'கைதி என்றால் சமூகம் அஞ்சுகிறது, அதனால்தான் விடுதலைக்குப் பிறகு வேலை கிடைப்பதில்லை' என்று வழக்கமாகச் சொல்லப்படுகிற விளக்கம் இந்த ஒரு காட்சியிலேயே உடைந்து போகிறது. பின்னால் வார்டர் நிற்கும்வரை சமூகத்துக்கு அச்சம் ஏதும் இல்லை. தண்டனை முடிந்து அதே ஆள், அதே கைப்பழக்கத்தோடு, வேறொரு பங்கில் போய் வேலை கேட்கட்டும். 'இதுக்கு முன்னாடி எங்கப்பா இருந்தே?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கட்டுண்டிருக்கும்வரை அவனுடைய உழைப்பு நம்பத்தக்கது. கட்டு அவிழ்ந்த மறுநாள் அது சந்தேகத்துக்குரியது. சிறைத் தொழிற்பயிற்சி பற்றி எழுதப்படும் பிரதிகள் மறைக்கிற இடம் இதுதான் என்பது என் கட்சி. (தெலங்கானாச் சிறைத்துறை தன் பங்குகளில் விடுதலையானவர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை.)

இந்தப் பிரதிகளின் மொழியைக் கொஞ்சம் பார்ப்போம். 'கைதி' இப்போது 'சிறைவாசி'. அரசுக் காகிதங்களில் 'இல்லவாசி'. துறையின் பெயரோடு 'சீர்திருத்தப் பணிகள்' ஒட்டிக்கொண்டுவிட்டது. இல்லம் என்று சொன்னால் சுவர் மறைந்துவிடுமா என்று கேட்டுச் சிரிப்பது எளிது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இந்த மொழி கட்டும் கதையாடல். ஒரு ஊரில் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கைத்தொழில் தெரியாது. அதனால் குற்றம் செய்தான். உள்ளே கொண்டுவந்து தையலும் தச்சும் வெல்டிங்கும் கற்றுக்கொடுத்தோம். இனி அவன் திருந்தி வாழ்வான். குற்றத்தின் காரணம் ஒரு தனிமனிதனுக்குள் இருக்கிற குறையாக, அதுவும் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ நிரப்பிவிடக்கூடிய குறையாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. எந்தத் தெருமுனையில் ராத்திரி போலீஸ் வண்டி நிற்கிறது, யாருக்கு ஜாமீன் கொடுக்க ஆள் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதெல்லாம் கதைக்கு வெளியே. சாதி என்ற சொல் மருந்துக்கும் கிடையாது.

கதை யாரைப் பற்றியது என்பதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சிறைப் பட்டறையும், திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருப்பதுபோன்ற ஐடிஐயும் தண்டனைக் கைதிகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. புழலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் பழைய சென்னை மத்திய சிறையிலிருந்து அங்கே மாற்றியபோது தண்டனை பெற்றவர்களுக்கு ஒன்று, விசாரணையில் இருப்பவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். நாளிதழில் படம் வருவது முதலாவதிலிருந்தும் மூன்றாவதிலிருந்தும். கூட்டம் இருப்பது இரண்டாவதில்.

தமிழ்நாட்டுக்கென்று தனிச்சிறப்பு ஒன்றும் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982இன் 14ஆம் சட்டம். விசாரணையே இல்லாமல் ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். தடுப்புக்காவலில் இருப்போர் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. இருபது வயசுப் பையன் ஒருவன் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வருகிறான். அவன் கற்றுக்கொள்வது பக்கத்தில் படுத்திருப்பவரிடம். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

சிறை உழைப்பு என்றதும் தமிழ் மனத்தில் வந்து நிற்பது கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. அதை நினைவுச்சின்னமாக்கிவிட்டோம். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்த பிறகு நடந்தவற்றை அத்தனை அக்கறையாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. தெரிந்த தொழிலைச் செய்யச் சட்டம் விடவில்லை; தெரியாத தொழிலாகச் சென்னையில் கடை வைத்துப் பார்த்தார்; வறுமை. பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி தலையிட்டுத்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு அவர் பெயரை வைத்தார் வ.உ.சி. செக்கு உடம்பை வருத்தியது, சன்னது விவகாரம் சோற்றில் கைவைத்தது. தண்டனை சிறைக்கதவைத் தாண்டிக் காகிதமாகக் கூடவே வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை. ஆனால் நம் மேடைகள் செக்கோடு நின்றுவிடுகின்றன.

'திருத்துவதற்காகத் தொழில் கற்றுக்கொடுப்பது' என்பதற்கும் இங்கே ஒரு முன்கதை இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. முத்திரை குத்தப்பட்ட சாதிகளைக் குடியேற்றங்களில் அடைத்து உழைப்புக்குப் பழக்குவது என்பது திட்டம். இன்றைய ஆந்திரத்தில் இருக்கிற ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. அங்கே அடைக்கப்பட்ட எருகுலர்கள் சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆன்மாவைத் திருத்துவது எங்கே முடிந்தது, கம்பெனிக்கு ஓடிப்போக முடியாத ஆட்களைப் பிடித்துத் தருவது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து கிடந்தன. சட்டத்தை நீக்கினார்கள். இடத்தை நிரப்ப 1948இல் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பரம்பரை போய்விட்டது, பழக்கம் வந்துவிட்டது. காவல்நிலையப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் அவ்வளவாக மாறவில்லை.

உள்ளே யாருக்கு எந்த வேலை என்பதை 2024 அக்டோபர் 3 அன்று வந்த சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கூட்டுவதும் கழுவுவதும் இன்னாருக்கு, சமையல் இன்னாருக்கு என்று பல மாநிலங்கள் சிறை விதியாகவே எழுதி வைத்திருந்ததை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனியாக வைக்கப்பட்டிருந்ததும் அதில் பேசப்படுகிறது. மோதல் வராமலிருக்கத்தான் அப்படி என்ற அரசின் சமாதானத்தை உயர்நீதிமன்றம் முன்பு ஒப்புக்கொண்டிருந்தது. உச்சநீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 'தொழில்' என்ற சொல்லுக்குக் குலத்தொழில் என்கிற பொருளும் சிறைச்சுவருக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. அங்கே தொழிற்பயிற்சி என்றால் யாருக்கு எந்தத் தொழில் என்று கேட்காமல் மேலே போக முடியாது.

கூலிக்கு வருவோம். 1939இல் ரூஷேயும் கிர்க்ஹைமரும் எழுதிய 'தண்டனையும் சமூகக் கட்டமைப்பும்' என்ற நூலை நம்மில் பலர் ஃபூக்கோ வழியாகவே கேள்விப்பட்டிருப்போம். வெளியே இருக்கிற கடைசித் தொழிலாளியின் பிழைப்பைவிடச் சிறைப் பிழைப்பு ஒரு படி கீழே இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் சிறைக்கு அர்த்தமில்லை. அவர்கள் சொன்னதன் சாரம் இது. கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கலாம் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தால் அது கட்டாய உழைப்பு என்று ஏசியாட் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே சொல்லிவிட்ட நீதிமன்றம், கைதி என்று வந்தவுடன் 'நியாயமான' என்ற நெகிழ்வான சொல்லுக்கு இறங்கியதைக் கவனிக்கலாம். எது நியாயம் என்பதை வெளியே இருக்கிற கடைசிக் கூலி தீர்மானிக்கிறது. அந்தக் கடைசிக் கூலி எங்கே தீர்மானமாகிறது என்று பார்க்கப் புழலிலிருந்து ஒரகடம் போக வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கணக்கற்ற கம்பெனிகள். இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் 'டிரெய்னி', 'அப்ரன்டிஸ்', 'கான்ட்ராக்ட்' என்கிற சொற்கள்தான் வரும். 2013இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த 'நீம்' என்ற திட்டத்தில் சேர்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை, பயிற்சி பெறுகிறவர்கள். லைனில் நின்று நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைச் செய்தார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஆள் எடுக்கிற பழக்கம் இருக்கிறது. சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல் புழங்குகிறது பாருங்கள். அங்கே கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்குப் பெயர் பயிற்சி. இங்கே வேலையை நிரந்தரமாக்காமல் இருப்பதற்குப் பெயர் பயிற்சி.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயசு நாற்பதைத் தொடும். ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். பெயர் வேண்டாம். இப்போது கிராமத்தில் ஒரு கிரில் பட்டறையில் தினக்கூலி.

'உள்ள நான் கத்துக்கினது வெல்டிங் சார். நல்லாவே கத்துக்கினேன். வெளிய வந்து பாத்தா கார் கம்பெனில அத ரோபோ பண்ணிக்கினு இருக்கு. சரி, எந்த வேலைனாலும் பரவால்லன்னு ஏஜென்சில போய் நின்னேன். ஆதார், பாஸ்புக், ஐடிஐ சர்டிபிகேட் எல்லாம் வாங்கிக்கினாங்க. திங்கக்கெழம சேந்துக்கோன்னாங்க. அப்பறம் போலீஸ் வெரிஃபிகேஷன் ஒண்ணு எடுத்துக் குடுன்னாங்க. அதோட சரி.'

அந்த ஏழு வருஷத்தைப் பற்றிக் கேட்கவில்லையா என்றேன்.

'கேக்காம? எங்க இருந்தேன்னா என்ன சொல்றது. கவருமென்டுல இருந்தேன்னு சொல்லலாமா?' என்று சிரித்தார்.

ஐடிஐ சான்றிதழ் அரசு தந்தது. இவருக்கு வேலை தெரியும் என்று அது சொல்கிறது. காவல்துறைச் சரிபார்ப்பும் அரசு தருவதுதான்; தமிழ்நாடு காவல்துறை இப்போது அதை இணையவழிச் சேவையாகவே நடத்துகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம், கம்பெனியும் விண்ணப்பிக்கலாம். இவர்மீது வழக்கு இருந்தது என்று அது சொல்கிறது. முதல் காகிதத்தில் சிறை என்ற சொல் அச்சாகாமல் இருக்கலாம். இரண்டாவது காகிதம் அதைப் பூர்த்தி செய்துவிடும். ஒரே அரசு ஒரு கையால் எழுதியதை இன்னொரு கையால் அடிக்கிறது. இது துறைகளுக்கிடையில் ஒருங்கிணைப்பு இல்லாத கோளாறு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இரண்டு கைகளுக்கும் வேலை வேறு வேறு.

அவர் பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாதது. 'ஸ்கிராப் எடுக்கறவங்க ஆளு வுட்டுக் கூப்டாங்க சார். அவங்க ஒரு சர்டிபிகேட்டும் கேக்கல. எந்தக் கேஸ்ல உள்ள போனேன்னு தெரிஞ்சிதான் கூப்டாங்க.' இந்தத் தொழிற்பகுதியில் கழிவு இரும்பு ஒப்பந்தங்களை வைத்து நடக்கிற மிரட்டலும் கொலையும் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் தெரியும். கம்பெனியின் முன்வாசலில் தகுதிக்குறைவாக இருப்பது பின்வாசலில் தகுதியாகிவிடுகிறது. 1975இல் ஃபூக்கோ சொன்னது இதைத்தானே. சிறை தோற்றுப்போகிறது என்று நூற்றைம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே அதை வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தத் தோல்வியால் யாருக்கோ பயன் இருக்கிறது. சிறை உற்பத்தி செய்கிற 'குற்றவாளி' வேண்டாத கழிவு அல்ல. ஆளும் வர்க்கத்தின் சட்டத்துக்குப் புறம்பான காரியங்களுக்கு வேண்டிய ஆள்.

ஆனால் தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்தப் பகுதியை அல்ல. சிறை, தொழிற்சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்கிற வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம். அதைச் சொல்லச் சுகமாக இருந்தது, இன்னமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமானதற்காக ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது 'விடுதியும் ஒரு சிறை' என்று எழுதினோம். தப்பில்லை. கம்பெனி பஸ், அடையாள அட்டை, கேமரா, கழிப்பறைக்குப் போகிற நிமிஷக் கணக்கு எல்லாம் அந்த உவமையைத் தாங்கும். ஆனால் உவமை ஒரு கேட்டை மறைக்கிறது. இரண்டும் ஒன்று என்றால், ஒன்றிலிருந்து வந்தவர் இன்னொன்றுக்குள் நுழைய முடியாமல் கூட்டுரோட்டில் ஏன் நிற்கிறார்? ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்தான் தொழிற்சாலைக்கு வேண்டும் என்றால், ஏழு வருஷம் மணியடித்து எழுப்பி, மணியடித்துத் தூங்கவைத்து ஒழுங்குபடுத்திய உடலை ஏன் வேண்டாம் என்கிறது? உடலோடு கூட அதற்கு வேறொன்றும் தேவைப்படுகிறது. பதிவேட்டில் பெயர் இல்லாத உடல்.

இந்தத் தேவை கைதியோடு நிற்பதில்லை. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த ஊர்ப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். 'லோக்கல் ஆளு வேணாம்னு சொல்லிடறாங்க' என்பது அவர்களுடைய பழைய புகார். உள்ளூர்க்காரன் நாலு பேரைச் சேர்ப்பான், சங்கம் வைப்பான், ஏதாவது நடந்தால் ஊரைக் கூட்டுவான். ஆகவே தூரத்து மாவட்டங்களிலிருந்து, இப்போது தூரத்து மாநிலங்களிலிருந்து ஆள் வருகிறது. 'லோக்கல்' என்பது புவியியல் சொல் மாதிரித் தெரிகிறது, உண்மையில் காவல்நிலையச் சொல். சிறையிலிருந்து வந்தவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார், அவ்வளவுதான்.

இங்கே நம் வாசிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் சிறை எழுத்து என்றால் சி.ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்', தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்' என்று அடுக்குவோம். அரசியல் கைதிகளின் எழுத்து. தியாகு சிறையிலிருந்தபடி 'மூலதன'த்தை மொழிபெயர்த்தார். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரையே 1991 மே 21 வேறொன்றாக்கிவிட்டது. அந்த வழக்கில் பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் ஏற்கனவே மின்னணுவியல் டிப்ளமா முடித்திருந்தவர். உள்ளே இருந்தபடி 2012இல் பிளஸ் டூவில் 1096 மதிப்பெண் வாங்கினார், எம்சிஏ வரை படித்தார். 2022 மே 18இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தபோது அந்தப் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'கைத்தொழில் தெரியாததால் குற்றம்' என்கிற கதையாடல் இவர்களிடம் ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் இவர்களுக்காக வெளியே ஒரு இயக்கம், ஒரு தாய், ஒரு பத்திரிகை காத்திருந்தது. திருட்டு வழக்கில், அடிதடி வழக்கில், குடும்பத் தகராறில் நடந்த கொலை வழக்கில் உள்ளே போனவருக்காக யாரும் காத்திருப்பதில்லை. அவரைப் பற்றி நம் இதழ்களில் ஒரு கட்டுரை தேடினால் அகப்படாது. 1971இல் ஃபூக்கோவும் நண்பர்களும் சிறைத் தகவல் குழுவைத் தொடங்கியபோது அரசியல் கைதிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாதாரணக் கைதிகளின் வாயிலிருந்து வருவதைத் தொகுத்து வெளியிட்டார்கள். அந்த ஃபூக்கோவை யாரும் தமிழுக்கு இறக்குமதி செய்யவில்லை.

சட்டத்தில் மறதிக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் (1958) 12ஆம் பிரிவு, அச்சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையின் தகுதியிழப்பு ஒட்டக்கூடாது என்கிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் (2015) 24ஆம் பிரிவும் அதையே சிறார்களுக்குச் சொல்கிறது. பிரிட்டனில் 1974 முதல், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால் பல தண்டனைகள் காலாவதியாகிவிடும். வேலை கேட்கும்போது பெரும்பாலும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் உள்ளே போய் வந்தவர்களே 2004 முதல் சங்கமாகச் சேர்ந்து, விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்று கேட்கிற கட்டத்தை எடு என்று போராடிப் பல மாநிலங்களில் எடுக்கவைத்தார்கள். கேள்வியை முதல் நாளே கேட்காதே, ஆளைப் பார்த்துவிட்டுக் கேள் என்பதுதான் கோரிக்கை. நம்மிடம் வயதுவந்த தண்டனைக் கைதிக்கு இப்படி ஒன்றும் இல்லை. ஒரு வெல்டிங் எந்திரம் கூடுதலாக வாங்கிப் போடுவதைவிட இந்த ஒரு சட்டத்திருத்தம் அதிகம் செய்யும் என்று நினைக்கிறேன். செலவும் கிடையாது. ரிப்பன் வெட்ட முடியாது என்பதுதான் குறை.

இதில் தொழிற்சங்கத் தோழர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மானேசரில் மாருதித் தொழிலாளர்கள் 2012இல் உள்ளே போனார்கள். 2017 மார்ச்சில் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள், பலர் வருஷக்கணக்கில் சிறையில் இருந்த பிறகு. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9இல் சாம்சங் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடந்தபோது கூட்டங்கூட்டமாகக் கைது செய்து மண்டபத்தில் அடைத்தார்கள், பந்தலைப் பிரித்துப் போட்டார்கள். அடுத்த கம்பெனியில் வேலை கேட்கும்போது இணையத்தில் சரிபார்க்கிறவனுக்கு சங்க வழக்கு எது, சங்கிலி பறித்த வழக்கு எது என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை இருக்காது.

வேலைக்குச் சேர்க்கும்போது காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கக்கூடாது என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாமே என்று அந்தப் பக்கத்துத் தோழர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். 'மொதல்ல இருக்கறவன நிரந்தரமாக்கச் சொல்லுவோம் தோழர், அப்பறம் ஜெயில்லருந்து வர்றவனப் பாக்கலாம்' என்றார் ஒருவர். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தன்மேல் ரெண்டு எஃப்ஐஆர் இருக்கிறது, அதை ஆன்லைனில் எடுத்தால் வருமா என்று கேட்டார்.